பேப்பர் (ராஜினாமா) போட்ட அன்றே வெளியேறலாமா? பெங்களூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2017-ல் ஒரு ஞாயிறு இரவு கரூரில் நான் பஸ் ஏறவில்லை. டிக்கெட் போட்டிருந்தேன், பையும் கட்டியிருந்தேன். மறுநாள் காலை மடிவாளாவில் இறங்கி, குளித்துவிட்டு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைத்தபோது கை நடுங்கியது. வீட்டில் லீவு என்று சொன்னேன். ஆபீசுக்கு எதுவும் சொல்லாமல் போனை அணைத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அப்பா கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் வந்து இறங்கினார். வேலைக்குச் சேரும்போது அவசரத் தொடர்பு எண் என்று அவருடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். ஹெச்ஆர் அந்த எண்ணுக்கு அழைத்து முதலில் இந்தியிலும் பிறகு ஆங்கிலத்திலும் பேசியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் புரிந்தது என் பெயரும் ‘மிஸ்ஸிங்’ என்ற ஒரு வார்த்தையும்தான். "என்ன கண்ணு ஆச்சு? உன்னைக் காணோம்னு சொல்றாங்க, நீ இங்க இருக்கறே" என்று கேட்டவரின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

அந்த வேலையை விட்டதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. விட்ட விதம்தான் தப்பு. நோட்டீஸ் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) இல்லாமல் போவது வேறு, சொல்லாமல் போவது வேறு. முதலாவதற்குப் பணத்தால் ஈடு கட்டலாம், பேசி முடிக்கலாம். இரண்டாவது பல வருடம் கழித்தும் வந்து கதவைத் தட்டும். இந்த நிலையில் இருக்கும் தம்பி தங்கைகள் இன்றைக்கும் என்னிடம் பேசுகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: முடியவில்லையா, பிடிக்கவில்லையா?

மெயிலைத் திறப்பதற்கு முன் ஒரு பேப்பரில் காரணத்தை எழுதுங்கள். ‘மேனேஜர் சரியில்லை’ என்று பொதுவாக எழுத வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதியில், யார் முன்னால் என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் அது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

சம்பளம் குறைவு, பிராஜெக்ட் சலிப்பு, பக்கத்து டீமில் இருப்பவனுக்குப் பதவி உயர்வு, இதெல்லாம் பிடிக்காத வகை. வலி உண்மைதான். ஆனால் மூன்று வாரம் தாங்கும். அதற்கு நான்காம் படியிலும் ஐந்தாம் படியிலும் வழி இருக்கிறது.

முடியாத வகை வேறு. உடம்புக்கு ஆபத்து, பொய் பில்லில் கையெழுத்துப் போடச் சொல்வது, மாதக்கணக்கில் சம்பளம் போடாமல் இழுப்பது, தூக்கம் போய் உயிர்மேல் ஆசை குறைவது. இதில் எது இருந்தாலும் உங்கள் பாதுகாப்புதான் முதல் கணக்கு, மற்றதெல்லாம் பிறகு. சம்பளமே போடாத கம்பெனி ஒப்பந்தத்தைத் தானே முறித்துவிட்டது. அது நோட்டீஸ் பணம் கேட்டால் அந்த நிலுவையை வைத்தே எழுத்தில் பதில் சொல்லலாம்.

பாலியல் தொல்லை என்றால் உடனே ராஜினாமா எழுதிவிடாதீர்கள். 2013-ல் வந்த சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கும். விசாரணை நடக்கும்போது எழுதிக் கேட்டால் உங்களையோ அந்த ஆளையோ இடம் மாற்றவும், உங்களுக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்க முடியும். அந்த விடுப்பு உங்கள் கணக்கில் இருக்கும் லீவில் கழியாது. ஒரு நாள்கூட அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியாது என்றால் கேட்க வேண்டியது இதைத்தான். அதன் பிறகும் போக நினைத்தால் உங்கள் நிபந்தனையில் போகலாம்.

மனசு உடைந்துபோன நிலை என்றால் டாக்டர் சீட்டு முதலில், ராஜினாமா பிறகு. ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். 2017-ல் எனக்கு வேண்டியிருந்தது மூன்று வார மருத்துவ விடுப்பு. அப்படி ஒன்று கேட்கலாம் என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லை. சரியாகத் தூங்காத மூளை எடுக்கும் முடிவை ஒரு பத்து நாளாவது தள்ளிப் போடப் பாருங்கள்.

இரண்டாம் படி: கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் தேடி எடுங்கள்

90 நாள் நோட்டீஸ் என்பது ஏதோ அரசாங்கச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தனியார் கம்பெனியில் அது உங்கள் நியமனக் கடிதத்திலிருந்து வருவது. கர்நாடகத்தின் 1961-ம் ஆண்டு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு மாத நோட்டீஸ் பற்றி இருக்கிறது. ஆனால் அது ஆறு மாதம் வேலை பார்த்தவரை நீக்கும்போது முதலாளி கொடுக்க வேண்டிய நோட்டீஸ். உங்களைக் கட்டுவது உங்கள் கடிதம்தான். அதனால் நண்பனுடைய கம்பெனியில் என்ன விதி என்று கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடிதத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள். நீங்கள் இன்னும் புரொபேஷனில் (வேலை நிரந்தரமாகும் முன் உள்ள சோதனைக் காலத்தில்) இருக்கிறீர்களா? பெரும்பாலும் அதில் நோட்டீஸ் 15 நாளோ 30 நாளோதான். அடுத்தது, நோட்டீசுக்குப் பதிலாகப் பணம் கட்டும் உரிமை இரு தரப்புக்கும் இருக்கிறதா, அல்லது ‘கம்பெனி விரும்பினால்’ என்று போட்டிருக்கிறதா? மூன்றாவது, அந்தப் பணம் பேசிக் (அடிப்படை) சம்பளத்தின் மேலா, மொத்தச் சம்பளத்தின் மேலா? கடைசியாக, பாண்டு (இத்தனை வருடம் இருப்பேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) ஏதாவது உண்டா, அதன் தொகை என்ன, எத்தனை வருடம்?

மூன்றாவது கேள்விக்குள் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். மொத்தச் சம்பளம் 60,000, பேசிக் 24,000 என்று வைத்துக்கொள்வோம். 90 நாளுக்கு பேசிக் கணக்கில் 72,000 ரூபாய். மொத்தச் சம்பளக் கணக்கில் 1,80,000 ரூபாய். ஒரே ஒரு வார்த்தையில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

அன்றைக்கே இன்னொரு வேலையும் முடித்துவிடுங்கள். பே ஸ்லிப், ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர், அப்ரைசல் கடிதம் எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு எடுத்து வையுங்கள். ராஜினாமா மெயில் போன அரை மணி நேரத்தில் லாகின் மூடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் பெயரில் உள்ள காகிதங்களை மட்டும் எடுங்கள். கோட், கிளையன்ட் பட்டியல், பிராஜெக்ட் ஃபைல் எதையும் தொடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் கதையை அது ஒரே நாளில் தலைகீழாக்கிவிடும்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை ஆபீசில் வாங்கி வைத்திருக்கிறார்களா? நர்சிங் வேலைக்கு நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும் பெண்களிடம் இதை அடிக்கடி கேள்விப்படுகிறேன். வங்கிக் கடன், மேற்படிப்பு என்று ஒரு காரணம் சொல்லி முதலில் அதைக் கையில் வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் படி: அவர்களால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது

பயத்தில் பாதி இந்த இடத்தில் குறைந்துவிடும்.

உங்களை வலுக்கட்டாயமாக வேலை பார்க்க வைக்க முடியாது. தனி மனிதரின் உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று கோர்ட் உத்தரவிடாது, 1963-ம் ஆண்டு ‘ஸ்பெசிஃபிக் ரிலீஃப்’ சட்டத்தின் 14-ம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வேலையை விடுவது குற்றமும் இல்லை. ‘போலீசில் சொல்லுவோம்’ என்று யாராவது மிரட்டினால், எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள்.

அவர்களால் கேட்க முடிந்தது பணம். அதற்கும் எல்லை உண்டு. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவின்படி, கடிதத்தில் போட்டிருக்கும் தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். ஆனால் பாண்டு எல்லாம் வெற்றுக் காகிதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் குறைந்தது 3 வருடம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் கர்நாடக உயர் நீதிமன்றம் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்க ஆகும் செலவையும் சிரமத்தையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் பாண்டுத் தொகை பெரியது என்றால் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது.

‘போட்டிக் கம்பெனியில் ஒரு வருடம் சேரக் கூடாது’ என்று ஒரு வரி இருக்குமே, வேலையை விட்ட பிறகு அது பெரும்பாலும் செல்லாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவு அப்படிப்பட்ட தடையை ஏற்பதில்லை. நோட்டீஸ் பணத்தின் மேல் ஜிஎஸ்டி போடுகிறோம் என்று சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை அதற்கு வரி இல்லை என்கிறது.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது உங்கள் பையில் இருக்கும் லேப்டாப். அதைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால், சாதாரணப் பணத் தகராறு நம்பிக்கை மோசடிப் புகாராக மாற இடம் கொடுத்ததாகிவிடும்.

நான்காம் படி: ஒரு நோட்டில் கணக்குப் போடுங்கள்

மேலே சொன்ன சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த மாதம் 12 நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள், 24,000 வர வேண்டும். 18 நாள் லீவு மிச்சம், பேசிக் கணக்கில் 14,400 வர வேண்டும். நோட்டீஸ் பிடித்தம் 72,000. கூட்டிக் கழித்தால் நீங்கள் 33,600 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தச் சம்பளக் கணக்கு என்றால் 1,41,600. இந்த எண்ணை நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.

அப்புறம் வாடகை. பெங்களூரில் இதுதான் ஆளைக் கவிழ்க்கும். கார்வேபாவிபாளையாவில் 20,000 ரூபாய் வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு லட்சத்தை நம் சேமிப்பு என்று மனசு கணக்குப் போட்டு வைத்திருக்கும். காலி செய்ய ஓனருக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்கூட்டியே சொல்ல வேண்டும், பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிப்பார்கள், மீதியும் அடுத்த ஆள் வந்த பிறகுதான் என்று இழுப்பவர்கள் உண்டு. அதனால் அட்வான்சை வருமானப் பக்கத்தில் எழுதாதீர்கள். வேலையை விட்டு ஊருக்குப் போனாலும் இரண்டு மாத வாடகை ஓடும் என்று செலவுப் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசியில் அம்மா அப்பாவையும் சேர்த்திருந்தால், கடைசி வேலை நாளோடு பெரும்பாலும் அதுவும் முடிந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு இதயம் என்றிருந்தால் புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி இருக்கிறது. அதை வெளியே வந்த பிறகு தேடாமல், உள்ளே இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியைத் தாண்டிப் போங்கள்.

கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை) நிரந்தர ஊழியருக்கு 5 வருடம் வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளம் 24,000 என்றால் 5 வருடத்துக்குக் கிட்டத்தட்ட 69,000 ரூபாய் வருகிறது. நான்கரை வருடம் முடித்தவர் கோபத்தில் எழுந்து போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. 5 வருடம் தாண்டியிருந்தால், நோட்டீஸ் கொடுக்கவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து அதைப் பறிக்க முடியாது. போனஸ், இஎம்ஐ, கிரெடிட் கார்டு எல்லாம் உங்களுக்கே தெரியும், எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி வரியில், வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று போடுங்கள். நான்கு மாதத்துக்குக் கீழே வந்து, முதல் படியில் ‘பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தால், இன்றைக்குப் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஐந்தாம் படி: நடுவில் இருக்கும் கதவுகளைத் தட்டுங்கள்

இன்றே போவது, 90 நாள் கிடப்பது என்று இரண்டே வழிதான் இருப்பதாகத் தோன்றும். நடுவில் நிறைய இடம் இருக்கிறது. புதிய கம்பெனி ஆஃபர் கொடுத்திருந்தால் பையவுட் தொகையை (நோட்டீசுக்குப் பதிலாகக் கட்டும் பணத்தை) அவர்களே தருவார்களா என்று கேளுங்கள். ஊரில் தயங்குவதைப் போல் இதில் தயங்க வேண்டாம், வழக்கமான கேள்விதான். லீவை நோட்டீசில் கழிக்கக் கேட்கலாம். வேறு டீமுக்கு மாற்றல் கேட்கலாம்.

மேனேஜரிடம் பேசும்போது காரணத்தை நீட்டாதீர்கள். நீட்டினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சமாதானம் வரும். நான் சொல்லிக் கொடுக்கும் வாக்கியம் இதுதான்: "90 நாள் என்னால் இருக்க முடியாது. 15 நாள் முழுசா உட்கார்ந்து எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டுப் போறேன். லீவைக் கழிச்சுக்கங்க, மிச்சத்துக்குப் பணம் கட்டிடறேன். யாருக்குக் கேடி கொடுக்கணும்னு சொல்லுங்க." கேடி என்றால் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்து ஒப்படைப்பது. சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். வேலையை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் மேனேஜரின் உண்மையான கவலை. அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பேச்சு சுமுகமாகும்.

போன மாதம் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு தங்கை, இன்றைக்கே ஐடி கார்டைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறேன் என்று அழுதுகொண்டே போன் செய்தாள். இதே வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு காலை 11 மணிக்குப் பேசினாள். மாலைக்குள், 20 நாளில் ரிலீவ் செய்கிறோம் (பணியிலிருந்து விடுவிக்கிறோம்) என்று மெயில் வந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படி அமையாதுதான். கேட்காதவருக்கு நிச்சயம் அமையாது.

ஆறாம் படி: போவதென்று முடிவானால்

முதல் போன் வீட்டுக்கு. ‘ஆபீசிலிருந்து யாராவது கூப்பிட்டால் பதற வேண்டாம், நான் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்’ என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லிவிடுங்கள். ஹெச்ஆர் படிவத்தில் யாருடைய எண் இருக்கிறதோ அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்து மெயில். நான்கே வரி போதும். ராஜினாமா செய்கிறேன், கடைசி வேலை நாள் இந்தத் தேதி, நோட்டீசில் குறையும் நாட்களை என் கணக்கில் சரிசெய்துகொள்ளுங்கள், பொருட்களை இந்த நாளில் ஒப்படைக்கிறேன். உடல்நலம் காரணம் என்றால் ஒரு வரி சேர்த்து டாக்டர் சான்றிதழை இணையுங்கள். கோபத்தை இதில் எழுத வேண்டாம். மேனேஜர், ஹெச்ஆர் இருவருக்கும் அனுப்பி, உங்கள் சொந்த மெயிலையும் சேருங்கள்.

லேப்டாப், சார்ஜர், ஐடி கார்டை நேரில் கொடுத்து, சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் போட்டோ எடுத்து, பதிவு எண் கிடைக்கும் கூரியரில் அனுப்புங்கள். நிலுவை வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி மெயிலில் போடுங்கள். பிறகு போனை அணைக்காதீர்கள். பேச முடியாத நிலையில் இருந்தால் ‘மெயிலில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்’ என்று ஒரு மெசேஜ் போதும். அப்ஸ்காண்டிங் (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவதைத் தடுப்பது இந்தச் சில காகிதங்கள்தான். அப்படியும் கம்பெனியிடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், ராஜினாமா மெயிலையும் ரசீதையும் இணைத்து அன்றே பதில் போடுங்கள்.

ஏழாம் படி: வெளியே வந்த பிறகு

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும். ‘45 நாள் ஆகும், அதுதான் எங்கள் வழக்கம்’ என்று சொல்லும் இடத்தில் இதை மரியாதையாக நினைவூட்டுங்கள். ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கை (கடைசிக் கணக்குத் தீர்வை) வரி வரியாகக் கேட்டு வாங்கி, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். நீங்கள் பணம் கட்ட வேண்டியிருந்தால் ரிலீவிங் லெட்டரோடு (பணிவிடுப்புக் கடிதத்தோடு) சேர்த்துப் பேசி, வங்கி வழியாகக் கட்டுங்கள். சம்பளமே வராமல் இழுத்தால் பன்னேர்கட்டா ரோட்டில் கார்மிக பவனில் தொழிலாளர் துறை இருக்கிறது. ஐடி ஊழியர்களுக்கு கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கமும் உண்டு.

அடுத்த இன்டர்வியூவில் அந்த வேலையை மறைக்காதீர்கள். உங்கள் யுஏஎன் (பிஎஃப்) கணக்கில் வேலையில் சேர்ந்த தேதி கிடக்கிறது, வெரிஃபிகேஷன் (பழைய வேலை விவரச் சரிபார்ப்பு) செய்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். ‘உடல்நலக் காரணத்தால் உடனே வெளியேறினேன், நோட்டீஸ் பணம் கட்டிவிட்டேன், இதோ கடிதம்’ என்று சொன்னால் கேள்வி பெரும்பாலும் அங்கேயே முடியும்.

எனக்கு அந்தக் கடிதம் இல்லை. மூன்று வருடம் கழித்து நல்ல ஆஃபர் ஒன்று வெரிஃபிகேஷனில் நின்றது. பழைய ஆபீசுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பாக்கியைக் கட்டினேன், ஐந்து வாரம் காத்திருந்தேன். பிறகு ரிலீவிங் லெட்டர் வந்தது. அதற்குள் பிஎஃப் கணக்கைத் திறந்து பார்த்தபோது, வேலையை விட்ட தேதி காலியாகவே கிடந்தது, நான் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பது போல. இப்போது அதற்குக் கம்பெனியின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து, பிஎஃப் இணையதளத்தில் ‘மேனேஜ்’ பகுதியில் ‘மார்க் எக்ஸிட்’ போட்டு, ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் நீங்களே தேதியைப் பதியலாம். கடைசி வேலை நாளன்று காலண்டரில் இரண்டு மாதம் தள்ளி ஒரு நாளைக் குறித்து வையுங்கள். அன்றைக்கு அதைப் பதிந்துவிட்டு, பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.